கமடோர் போனால் அடுத்து யார்? அயர்லாந்து கடற்படையின் கட்டளை வரிசை

கேள்வி: என் மகள் கார்க் நகரில் பிறந்து வளர்ந்தவள். அயர்லாந்து கடற்படையில் கேடட்டாகச் சேர விண்ணப்பித்திருக்கிறாள். நேர்காணலில் யாருக்குக் கீழே யார் என்று கேட்பார்களாம். படைத் தலைவர் கமடோர் என்று ஓரிடத்தில் போட்டிருக்கிறது, ஜனாதிபதி என்று இன்னோர் இடத்தில். தலைவர் திடீரென்று விலகினால் பொறுப்பு யாருக்குப் போகும்? இவ்வளவு சின்னப் படையில் அவள் மேலே வர வழி இருக்கிறதா? (கார்க்கிலிருந்து ஒரு தாய்)

பதில்: உங்கள் மகள் படித்த இரண்டும் சரிதான். குழப்பம் வருவதற்குக் காரணம், உச்ச அதிகாரம் ஒருவரிடமும் அன்றாடக் கட்டளை வேறொருவரிடமும் இருப்பதுதான்.

அயர்லாந்து அரசியல் சாசனத்தின் 13வது பிரிவு பாதுகாப்புப் படைகளின் உச்சக் கட்டளையை ஜனாதிபதியிடம் வைக்கிறது. அதிகாரிகள் எல்லோருக்கும் நியமனம் அவர் பெயரில்தான். ஆனால் அந்த அதிகாரத்தை எப்படிச் செலுத்துவது என்பதைச் சட்டம் வரையறுக்கும் என்று அதே பிரிவு சொல்லிவிடுகிறது. அதற்கான சட்டம் 1954ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டம். அதன்படி அரசாங்கம் பாதுகாப்பு அமைச்சர் வழியாகக் கட்டளை செலுத்துகிறது. ஒரு ரோந்துக் கப்பலை எந்தப் பக்கம் அனுப்புவது என்று ஜனாதிபதி மாளிகையிலிருந்து உத்தரவு வராது.

அப்புறம், இந்தியாவைப் போல மூன்று படைகளும் தனித்தனியாக நிற்பதில்லை. தரைப்படை, விமானப்பிரிவு, கடற்படை மூன்றும் சேர்ந்து ‘ஓக்லி ந ஹேரன்’ என்ற ஒரே அமைப்பு. மூன்றுக்கும் மேலே ஒரு படைத் தலைமை அதிகாரி இருக்கிறார். ஆங்கிலத்தில் சீஃப் ஆஃப் ஸ்டாஃப் என்பார்கள். அவருக்குக் கீழே கடற்படைக்கென்று ஒரு கமடோர். இந்தியக் கடற்படையில் கமடோருக்கு மேல் ரியர் அட்மிரல், வைஸ் அட்மிரல், அட்மிரல் என்று இன்னும் மூன்று படிகள் உண்டு. இங்கே கமடோரோடு கடற்படைக்குள் ஏணி முடிந்துவிடுகிறது. அதற்கு மேலே ஏற வேண்டுமானால் கூட்டுத் தலைமையகத்துக்குத்தான் போக வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கத்தை மகள் தெரிந்துகொண்டு போனால் நல்லது. படைத் தலைமை அதிகாரிதான் எல்லோருக்கும் மூத்தவர் என்றாலும், நெடுங்காலமாகச் சட்டப்படி நேரடிக் கட்டளை அவர் கையில் இல்லை. அமைச்சர் அந்த அதிகாரத்தைத் தரைப்படைப் பிரிகேடுகளின் தளபதிகளுக்கும், விமானப்பிரிவுத் தளபதிக்கும், கடற்படைக் கமடோருக்கும் பிரித்துக் கொடுத்திருந்தார். 2022 பிப்ரவரியில் வெளிவந்த பாதுகாப்புப் படைகள் ஆணைய அறிக்கை இந்த ஏற்பாட்டை மாற்றச் சொன்னது: முழுக் கட்டளை அதிகாரத்தோடு ஒரே பாதுகாப்புத் தலைவர், அவருக்குக் கீழே தரை, வான், கடல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர். அதே ஆண்டு ஜூலையில் அரசு அந்தத் திசையில் போக ஒப்புக்கொண்டது. அதற்குச் சட்டத் திருத்தம் வேண்டும். நேர்காணலுக்கு முந்தின வாரம் அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். மற்ற விண்ணப்பதாரர்கள் பழைய வரைபடத்தை ஒப்பிக்கும்போது, இவள் ஏன் அது மாறுகிறது என்று சொல்ல முடியும்.

பதவிப் பெயர்களில் ஒரு பொறி இருக்கிறது. தரைப்படையில் கேப்டன் என்பவர் கடற்படை லெப்டினன்டுக்குச் சமம். கடற்படைக் கேப்டனோ தரைப்படைக் கர்னலுக்குச் சமம். போதாக்குறைக்கு, மற்ற நாடுகளில் மேஜர் என்று சொல்லும் பதவியை அயர்லாந்து தரைப்படை கமாண்டன்ட் என்கிறது. கடற்படையில் அதற்கு நிகர் லெப்டினன்ட் கமாண்டர். இது போதாதென்று, கப்பலை நடத்துபவரை, அவர் பதவி எதுவானாலும், ‘கேப்டன்’ என்றே கூப்பிடுவார்கள். வரிசை இது: என்சைன், சப் லெப்டினன்ட், லெப்டினன்ட், லெப்டினன்ட் கமாண்டர், கமாண்டர், கேப்டன், கமடோர். உங்கள் மகள் பயிற்சி முடித்து வெளியே வரும்போது என்சைன்.

சரி, கமடோர் நாளைக்கே விலகினால்?

இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கட்டிவிட்டீர்கள், பிரித்துப் பார்ப்போம். இன்றிரவு யார் பொறுப்பு என்பது ஒன்று. அடுத்த தலைவர் யார் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குக் காத்திருக்கவே வேண்டியதில்லை. கமடோருக்கு அடுத்த படியில் கேப்டன் பதவியில் ஒரு மூத்த அதிகாரி இருப்பார். நம் ஊரில் ‘பொறுப்பு’ டிஜிபி என்று போடுவார்களே, அதுபோல அவர் பார்த்துக்கொள்வார். அன்றாட வேலையோ கமடோர் ஒருவரின் மேசையில் தேங்கி நிற்பதில்லை. கப்பல்களை ஏவுவது செயற்பாட்டுப் பிரிவின் வேலை. ஆள், தளவாடம், பொறியியல் எல்லாம் ஆதரவுப் பிரிவிடம். பயிற்சி கடற்படைக் கல்லூரியிடம். மூன்றும் கார்க் துறைமுகத்துக்குள் இருக்கும் ஹால்போலைன் தீவுத் தளத்தைச் சுற்றியே இயங்குகின்றன. தலைமை நாற்காலி ஒரு மாதம் காலியாக இருந்தாலும் கப்பல்கள் புறப்பட்டுக்கொண்டுதான் இருக்கும்.

இரண்டாவது கேள்விக்குத்தான் பலரும் தவறாகப் பதில் சொல்கிறார்கள். அப்படிப் பொறுப்பைப் பார்த்துக்கொள்பவர் தானாகவே தலைவர் ஆகிவிடுவதில்லை. கமடோரும் அதற்கு மேலுள்ள பதவிகளும் அரசு தேர்ந்தெடுத்துக் கொடுப்பவை. பணிமூப்புக்கு மதிப்பு உண்டு, உரிமை கிடையாது.

கட்டளை கைமாறுவதை நான் மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வணிகக் கப்பலில்தான், ஆனால் உள்ளே இருக்கும் விஷயம் ஒன்றுதான். பழைய கேப்டன் பெட்டகத்தைத் திறந்து ரொக்கத்தை எண்ணிக் காட்டுவார். மாலுமிகளின் ஆவணங்களை ஒவ்வொன்றாகத் தள்ளுவார். எந்த ரேடார் மழையில் சரியாகக் காட்டாது, எந்தப் பம்பு கிளம்ப நேரமாகும் என்று புத்தகத்தில் இல்லாததையெல்லாம் சொல்வார். கடைசியில் பதிவேட்டில் தேதி, நேரம், இரண்டு கையெழுத்து. புதியவர் கையெழுத்துப் போடும் வரை கப்பலில் நடக்கும் எதற்கும் பழையவர் பொறுப்பு. போட்ட பிறகு அவர் வெறும் பயணி. தேநீர் வேண்டுமென்றால்கூடத் தயங்கித்தான் கேட்பார். போர்க்கப்பலில் இதோடு வெடிபொருளும் ரகசியக் குறியீடுகளும் சேர்ந்துகொள்ளும்.

கடலில் கேப்டன் மயங்கி விழுந்தால் என்ன என்று கேட்டால், பதில் எக்ஸ்.ஓ. அதாவது எக்சிகியூட்டிவ் ஆஃபீசர், கப்பலின் இரண்டாவது ஆள். அவருக்கு அடுத்து, கப்பல் செலுத்தும் பிரிவின் அதிகாரிகள் மூப்பு வரிசையில். பொறியியல் அதிகாரி வயதில் பெரியவராக இருந்தாலும் கட்டளை அவரிடம் போகாது. பிரிட்டிஷ் மரபிலிருந்து வந்த கடற்படைகளில் இது பழைய வழக்கம்.

வரலாற்றையும் கொஞ்சம் சொல்கிறேன், உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது. இன்றைய கடற்படை 1946 செப்டம்பரில், பிரிட்டனிடமிருந்து வாங்கிய, கார்வெட் என்ற சிறு போர்க்கப்பல்கள் மூன்றோடு தொடங்கியது. தலைமை ஏற்கும் அனுபவமுள்ள ஐரிஷ் கடற்படை அதிகாரி அப்போது இல்லை. பிரிட்டிஷ் கடற்படையில் ஓய்வுபெற்ற ஜெரோம் என்ற கேப்டனைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். அவர் 1956 வரை இருந்தார். புதிய ஐரிஷ் கேடட்டுகளை இங்கிலாந்தின் டார்ட்மத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். இந்தியக் கதையும் இதேதான் என்பதைக் கவனித்தீர்களா? அங்கேயும் 1958 ஏப்ரல் வரை பிரிட்டிஷ் அதிகாரிகளே தலைமையில் இருந்தார்கள். அன்று பொறுப்பேற்ற முதல் இந்தியரான ராம் தாஸ் கட்டாரி செங்கல்பட்டில் பிறந்தவர்.

ஜெரோமுக்குப் பிறகு வந்தவர் தாமஸ் மெக்கென்னா. 1956 முதல் 1973 வரை, பதினேழு ஆண்டுகள் அவரே தலைவர். அவர் காலத்தில் கார்வெட்டுகள் தேய்ந்து, 1970வாக்கில் மூன்றில் ஒன்றுதான் மிஞ்சியது. அவரை நான் குறை சொல்லவில்லை. பணமும் கப்பலும் தராத அரசுகளை வைத்துக்கொண்டு படையை உயிரோடு காப்பாற்றியதே பெரிய காரியம். ஆனால் ஒரே ஆள் அத்தனை வருடம் மேலே இருந்தால் கீழே இருப்பவருக்கு என்ன வழி? கப்பலும் குறைந்தால், கப்பல் நடத்திப் பழகவும் இடம் இருக்காது. 1973இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்து, காக்க வேண்டிய மீன்பிடிக் கடற்பரப்பு பெருகிய பிறகு படைக்குக் கூடுதலாகப் புதுக் கப்பல்கள் வந்தன.

பின்னால் வந்த ஒருவரைப் பாருங்கள். மார்க் மெல்லட் 2010இல் கடற்படைத் தலைவரானார். 2013இல் ரியர் அட்மிரலாகக் கூட்டுத் தலைமையகத்துக்குப் போனார். அவர் விட்ட இடத்துக்கு ஹியூ டலி வந்தார். 2015இல் மெல்லட் வைஸ் அட்மிரலாகி மூன்று படைகளுக்கும் தலைமை அதிகாரியானார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் கடற்படைக்காரர் அவர்தான். 2021இல் அவருக்குப் பின் வந்த ஷான் கிளான்சி விமானப்பிரிவுக்காரர். அவர் பிரிவிலிருந்து அவர்தான் முதல். தரைப்படைக்கே எழுதிவைத்தது போலிருந்த இடம் அது.

ஆகவே மேலே வழி இருக்கிறது. எனக்குக் கவலை நடுப்படிகளைப் பற்றித்தான்.

கடற்படைக்கு அனுமதிக்கப்பட்ட பலம் 1,094 பேர். 2023இல் இருந்தவர்கள் 800க்கும் குறைவு. 2022 ஜூலையில் எய்த்னா, ஓர்லா, கியாரா என்ற மூன்று பழைய கப்பல்களை ஒரே நாளில் சேவையிலிருந்து எடுத்தார்கள். 2023 தொடக்கத்தில் ரோஷீன், வில்லியம் பட்லர் யேட்ஸ் என்ற இரண்டையும் ஆள் இல்லாமல் இருப்பில் கட்டிவைக்கப் போவதாக அறிவித்தார்கள். யேட்ஸ் 2016இல் சேவைக்கு வந்த புத்தம்புதுக் கப்பல். தலைவர் இல்லாமல் அதைக் கட்டிவைக்கவில்லை. எஞ்சின் அறையில் நிற்கும் தொழில்நுட்பக்காரர்களும், பத்துப் பதினைந்து வருட அனுபவமுள்ள பெட்டி ஆஃபீசர்கள் என்ற மூத்த மாலுமிகளும் வெளியே நல்ல சம்பளத்துக்குப் போய்விட்டால், 44 பேர் வேண்டிய கப்பலை யாராலும் கிளப்ப முடியாது. கமடோரை மாற்ற ஒரு அரசு உத்தரவு போதும். ஒரு சீஃப் பெட்டி ஆஃபீசரை உருவாக்கப் பத்து வருடம் ஆகும். வாரிசு யார் என்று ஒரு சின்னப் படையில் கேட்க வேண்டிய இடம் அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கடைசியில் யேட்ஸ் கட்டிக் கிடக்கவில்லை, ஆள் சேர்த்து ஓட்டினார்கள். அதனால் என்ன பயன் என்று அதே ஆண்டே தெரிந்தது.

2023 செப்டம்பர் 26. மேத்யூ என்ற சரக்குக் கப்பல் அயர்லாந்தின் தென்கிழக்குக் கடலில், நிற்கச் சொல்லியும் நிற்காமல் ஓடியது. துரத்திப்போய் எச்சரிக்கைக் குண்டு சுட்டது யேட்ஸ். மேலே விமானப்பிரிவு ஹெலிகாப்டர். அதிலிருந்து கயிற்றில் இறங்கியவர்கள் தரைப்படையின் ரேஞ்சர் சிறப்புப் பிரிவினர். சுங்கத்துறையும் கார்டா போலீசும் கூடவே. இரண்டே கால் டன் கொக்கெயின் பிடிபட்டது. இதில் யார் தலைவர் என்று ஒரு பெயரைச் சொல்ல முடியாது. கப்பலின் பாதுகாப்பும் சுடும் முடிவும் கேப்டன் பொறுப்பு. கடத்தல் வழக்கு காவல்துறைக்கும் சுங்கத்துக்கும் சொந்தம். போதைப்பொருளைக் கடலில் பிடிக்க இந்தத் துறைகள் 1993 முதலே ஒரு கூட்டுப் பணிக்குழுவாக வேலை செய்கின்றன. நேர்காணலில் கட்டளை வரிசைக்கு உதாரணம் கேட்டால் மகள் இதைச் சொல்லட்டும். கடலில் தேடி மீட்கும் பணியை ஒருங்கிணைப்பது போக்குவரத்துத் துறையின் கீழுள்ள கடலோரக் காவல் அமைப்பு, கடற்படை உதவிக்குப் போகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டையும் ஒன்றென்று நினைத்து நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

மேலே வர வழி என்று கேட்டீர்களே, அதைக் கப்பல் கணக்கில் பாருங்கள். யேட்ஸ் மாதிரிக் கப்பல்களை லெப்டினன்ட் கமாண்டர்கள்தான் நடத்துகிறார்கள். என்சைனிலிருந்து எண்ணினால் நான்காவது படி. பெரிய கடற்படையில் அந்த வயதில் ஒரு பெரிய கப்பலின் ஏதோ ஒரு பிரிவைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இங்கே கப்பலே கையில் கிடைக்கலாம். அதற்கு மேலேதான் நெரிசல், ஏனென்றால் கேப்டன்கள் சிலரே, கமடோர் ஒருவரே. பொதுவாக இரண்டு வருடம் கடல், இரண்டு வருடம் கரை என்று சுழற்சி வரும். நாற்பது வயதில் பதவியா கடலா என்று ஒருநாள் யோசிக்க வேண்டியும் வரலாம். அதைப் பற்றி இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள்.

இன்னும் ஒன்று. கார்க்கிலேயே இருக்கிறீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி கோவ் ஊருக்குப் போய்ப் படித்துறையில் நில்லுங்கள். நேர் எதிரே ஹால்போலைன். கட்டியிருக்கும் கப்பல்களின் முகப்பில் எண்கள் இருக்கும்: 61 சாமுவேல் பெக்கட், 62 ஜேம்ஸ் ஜாய்ஸ், 63 யேட்ஸ், 64 ஜார்ஜ் பெர்னார்ட் ஷா. எது கட்டிக் கிடக்கிறது, எது வெளியே போயிருக்கிறது என்று மகள் எண்ணிப் பார்க்கட்டும். நேர்காணல் அறையில் ‘எங்கள் படையைப் பற்றி என்ன தெரியும்’ என்று கேட்கும்போது, அவள் தன் கண்ணால் பார்த்ததிலிருந்து பேச ஆரம்பிக்கலாம்.