பி.பி.ஓ.வில் மனைவி பெயர் இருக்கிறதா? – கேள்வி பதில்

ராணுவத்தில் இருந்துவிட்டு, முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் வங்கியில் சேர்ந்து மேலாளராக ஓய்வு பெற்றவன் நான். இப்போது படைவீரர் குடும்பங்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். வந்த கேள்விகளுக்குப் பதில்கள் இதோ.

என் கணவர் ராணுவத்தில் 17 ஆண்டு, வங்கியில் 22 ஆண்டு வேலை பார்த்தார். இரண்டு ஓய்வூதியமும் வாங்கினார். 84 வயதில் காலமானார். குடும்ப ஓய்வூதியத்தில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்கிறார்களே?

அம்மா, எதையும் விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடாதீர்கள். ஒன்றுதான் என்பது பழைய விதி. 24.9.2012 முதல் இரண்டையும் வாங்கலாம். அவர் ராணுவ ஓய்வூதியத்தைத் துறந்து, அந்தச் சேவையை வங்கிச் சேவையோடு சேர்த்துக் கணக்கிட்டிருந்தால் மட்டும் வேறு. உங்கள் கணவர் இரண்டையும் தனித்தனியாக வாங்கியதால் அந்தச் சிக்கல் உங்களுக்கு இல்லை. வங்கிக்குத் தனி விண்ணப்பம், ராணுவத்துக்குத் தனி விண்ணப்பம். ஒன்றைக் கொடுத்தால் மற்றது தானாக வராது.

இரண்டுக்கும் முன்னால் பி.பி.ஓ.வை, அதாவது ஓய்வூதிய ஆணையைப் பாருங்கள். ஒரு அம்மா மஞ்சள் பையில் டிஸ்சார்ஜ் புத்தகத்தை, அதாவது படையிலிருந்து வரும்போது கொடுக்கும் சேவைப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். மடிப்பில் கிழிந்த பக்கம், மங்கிய நீல மை. அதில் ‘லட்சுமி’, ஆதாரில் ‘லட்சுமியம்மாள்’. பிறந்த தேதி எழுதவேண்டிய இடம் காலி. கணவர் இருந்தபோதே, படைவீரர் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதிச் சரிசெய்திருக்கலாம். அவர் போனபின் பிரமாணப் பத்திரம், சான்றிதழ் என்று அந்த அம்மா மாதக்கணக்கில் அலைந்தார். பெரியவர்களே, மனைவியின் பெயரையும் பிறந்த தேதியையும் இந்த வாரமே பாருங்கள்.

மாமியாருக்கு 81 வயது. ராணுவக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. வயதுக்காகக் கூடுமா?

கூடும். 80 நிறைந்தால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம், 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50. நூறு நிறைந்தால் இன்னொரு முழு ஓய்வூதியம். ஆனால் அவருடைய பிறந்த தேதி பதிவில் இருந்தால்தான் இது வரும். இதற்காகத்தான் மேலே அவ்வளவு வற்புறுத்தினேன். வங்கி ஓய்வூதியத்தில் வயதுக்கான இந்த உயர்வு கிடையாது.

உயிர்வாழ் சான்றிதழ் எப்போது கொடுக்கவேண்டும்?

பொதுவாக நவம்பர். 80 நிறைந்தவர்கள் அக்டோபர் 1 முதல் கொடுக்கலாம். ராணுவ ஓய்வூதியத்துக்கான இணையதளமான ஸ்பர்ஷில் இருப்பவர்கள் அதில் காட்டும் தேதியைப் பார்க்கவும்.

அப்பாவுடைய டெபாசிட்டுக்கு அண்ணன் நாமினி. அப்பா உயில் எழுதவில்லை. அம்மா இருக்கிறார். எனக்குப் பங்கு இல்லை என்கிறான் அண்ணன்.

உண்டு தங்கையே. நாமினி பணத்தை வாங்கும் பொறுப்பாளர். வங்கி அவரிடம் கொடுத்தால் வங்கியின் கடமை தீர்ந்தது, அவ்வளவுதான். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ன்படி நீங்கள் மூவர் மட்டுமே வாரிசுகள் என்றால் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு.

தவறு ஐயா. நாமினிக்கே சொந்தம் என்று வங்கி ஊழியரே சொன்னார்.

அந்த ஊழியர் கவுன்டரில் பணம் கொடுக்கும் விதியைச் சொல்லியிருக்கிறார். சொத்துரிமை வேறு. வங்கிக் கணக்கின் நாமினி அந்தப் பணத்துக்கு உரிமையாளர் ஆகிவிடமாட்டார் என்று 2010-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

அப்படியானால் நாமினி எதற்கு? இப்போது நான்கு பேரைப் போடலாம் என்கிறார்களே, அது பங்கு பிரிப்பதுதானே?

நாமினி இல்லாவிட்டால் வாரிசுச் சான்றிதழ், எல்லா வாரிசுகளின் கையெழுத்து என்று பணம் தேங்கி நிற்கும். அந்தத் தாமதத்தைத் தவிர்க்கத்தான் நாமினி. 1.11.2025 முதல் டெபாசிட்டுக்கு நான்கு பேர் வரை, சதவீதம் போட்டும் நியமிக்கலாம். உண்மைதான். அந்தச் சதவீதம் யார் கையில் எவ்வளவு கொடுப்பது என்று வங்கிக்குச் சொல்வது. நியமனம் உயில் ஆகாது. ஒரு பிள்ளைக்கே கொடுக்க விரும்பினால் உயில் எழுதுங்கள். விதவைத் தாயை வீதிக்கு அனுப்ப இந்தப் படிவத்தைக் காட்டிய மகன்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

நாமினியும் வாரிசும் ஒன்றா?

இல்லை. மேலே இரண்டு முறை சொல்லிவிட்டேன். படியுங்கள்.

வீட்டுக்கடன் வட்டி எந்த வங்கியில் குறைவு?

இந்தப் பகுதிக்கு உரியதல்ல.

உயிர்வாழ் சான்றிதழை அக்டோபரில் கொடுக்கலாமா? எனக்கு 76.

மூன்றாவது பதிலில் இருக்கிறது. உங்களுக்கு நவம்பர்.

அப்பாவால் நடக்க முடியாது. சான்றிதழுக்கு என்ன வழி?

இது நல்ல கேள்வி. கைபேசியில் முகத்தைக் காட்டியே வீட்டில் முடிக்கலாம். தபால்காரரையும் வீட்டுக்கு அழைக்கலாம், கட்டணம் உண்டு. ‘சான்றிதழ் காலாவதியாகிறது, ஓ.டி.பி. சொல்லுங்கள்’ என்று யாராவது அழைத்தால் உடனே வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930-ஐ அழையுங்கள்.

நான் சமீபத்தில் ராணுவத்திலிருந்து வந்தேன். வங்கி வேலைக்கு ஒதுக்கீடு உண்டா?

உண்டு தம்பி. டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். போகும்போது அதில் மனைவி பெயர் சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.