பெரியப்பாவா, தாத்தாவா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பண்டைக் கொரியாவின் சில்லா அரச மரபைக் கொடிவழியாக வரைந்துவருகிறேன். 540-இல் பட்டமேறிய ஜின்ஹூங்கை ஒரு நூல் முந்தைய அரசர் பொப்ஹூங்கின் தம்பி மகன் என்கிறது, இன்னொன்று மகள் வயிற்றுப் பேரன் என்கிறது. எது சரி? பாக், சோக், கிம் குலங்கள் முறைவைத்து ஆண்டன என்பதும் விளங்கவில்லை.

ம.

அன்புள்ள ம.,

இரண்டும் சரி. பொப்ஹூங்கின் தம்பி இப்ஜோங், அண்ணன் மகள் ஜிசோவையே மணந்தார். அவர்கள் பிள்ளை ஜின்ஹூங். அக்கா மகள் என்றால் நமக்குச் சட்டென்று பிடிபட்டிருக்கும். அண்ணன் மகள் நம்மிடையே மகள் முறை, அதனால்தான் குழப்பம். 1145-இல் 'சாம்குக் சாகி' என்ற வரலாற்று நூலைத் தொகுத்த கிம் பூசிக்குக்கும் இது உறுத்தியது. நேமுல் அரசரைப் பற்றி எழுதுமிடத்தில், உடன்பிறந்தான் மகளையும் அத்தை, சித்தி பெண்களையும் மணக்கும் சில்லா வழக்கத்தைக் கடிந்துவிட்டுத்தான் மேலே போகிறார்.

தந்தை-மகன் கோடு மட்டும் போட்டால் இந்தக் கொடிவழி நிற்காது. ஒவ்வோர் அரசருக்கும் தந்தை, தாயின் தந்தை, மாமனார் என மூன்று பெயர்களைக் குறியுங்கள். குலம் மாறும் இடங்கள் பலவற்றில் மாமனார்தான் விடை. சோக் குலத்தின் முதல் அரசர் தால்ஹே, பாக் குலத்து நாம்ஹேயின் மருமகன். கிம் குலத்தின் முதல்வர் மிச்சு (262), சோக் குலத்து ஜோபுன்னின் மருமகன். 356-இல் வந்த நேமுல் மிச்சுவின் மகளை மணந்தவர். அதிலிருந்து கிம் குலமே தொடர்ந்தது. 912-இல் பாக் குலம் திரும்பி வந்தபோதும், ஏறியவர் ஹோன்காங் அரசரின் மருமகன். ஆக, 'முறைவைத்து' என்பதை அடித்துவிடலாம். எல்லா மாற்றங்களும் இதில் அடங்கா. எடுத்துக்காட்டாக, 184-இல் சோக் குலம் மீண்டது: மகனில்லாத பாக் அரசருக்குப் பின் தால்ஹேயின் பேரன் வந்தார். நேமுலுக்கு முந்தைய ஆண்டுகளைப் பென்சிலால் எழுதுங்கள், அவை நம்பத் தக்கவை அல்ல.

குலப்பெயர்களிலும் கவனம் வேண்டும். 524-ஆம் ஆண்டின் பொங்பியோங் கல்வெட்டு, 1988-இல் கிடைத்தது, யாருக்கும் கிம் என்று போடவில்லை. தலைநகரின் பிரிவுகளைச் சொல்லியே ஆட்களைக் குறிக்கிறது: அரசர் பொப்ஹூங் தாக் பிரிவு, இப்ஜோங் என்று அறிஞர் கொள்ளும் தம்பி சதாக் பிரிவு. உடன்பிறந்தோரே வேறு பிரிவினர்! நாம் பார்க்கும் குலப் பட்டியல் பின்னாளைய ஒழுங்கு.

இன்னொன்று, உங்கள் படத்தில் ஜிசோ என்ற பெயர் இருமுறை வரும். 655-இல் தளபதி கிம் யூசினை மணந்த இளவரசி வேறு ஜிசோ, முயோல் அரசரின் மகள். கொரிய எழுத்தில் இருவர் பெயரும் ஒன்றே, சீன எழுத்தில்தான் வேறுபடும். யூசினின் தங்கை முயோலின் அரசி. எனவே யூசின் அரசருக்கு மைத்துனர், மருமகன் இரண்டுமே. அவருக்கும் இரண்டு கோடுகள் போடுங்கள்.