‘லிம்போ’வைத் திரையிடும் முன் மாணவர்களிடம் என்ன சொல்வது?

கேள்வி: எங்கள் கல்லூரித் திரைப்பட மன்றத்தில் ‘லிம்போ’ என்ற பிரிட்டிஷ் படத்தைத் திரையிட நினைக்கிறோம். ஸ்காட்லாந்துத் தீவு ஒன்றில் தங்கவைக்கப்பட்டவர்களைப் பற்றிய நகைச்சுவை கலந்த படம். “அகதிகளின் துயரத்தைக் காட்டி மாணவர்களைச் சிரிக்க வைக்கலாமா?” என்று சக பேராசிரியர் தயங்குகிறார். திரையிடலாமா? முன்கூட்டியே என்ன சொல்ல வேண்டும்?

பதில்: தாராளமாகத் திரையிடுங்கள். உங்கள் சகாவின் தயக்கம் நியாயமானதுதான். அதற்குப் பதில் முதல் காட்சியிலேயே கிடைத்துவிடும். ஒரு வகுப்பறையில் பாட்டுப் போட்டு ஓர் ஆசிரியையும் ஆசிரியரும் ஆடுகிறார்கள். ஆசிரியரின் கை போகக் கூடாத இடத்துக்குப் போகிறது, அவர் கன்னத்தில் ஓர் அறை விழுகிறது. “இவர் செய்த தவறு என்ன?” என்று எதிரே இருப்பவர்களிடம் கேள்வி. சிரியா, ஆப்கானிஸ்தான், ஆப்பிரிக்க நாடுகள் என்று பல இடங்களிலிருந்து தஞ்சம் தேடி வந்த ஆண்கள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். நமக்குச் சிரிப்பு வருகிறது. அந்தச் சிரிப்பு அவர்கள் மேல் விழவில்லை. அத்தனை தூரம் தப்பி வந்தவர்களுக்கு முதல் பாடமாக இதை வைத்த ஏற்பாட்டின் மேல்தான் விழுகிறது.

பிறகு இன்னொரு வகுப்பு. ‘முன்பெல்லாம் இருந்தது, இப்போது இல்லை’ என்று பொருள்படும் ‘யூஸ்ட் டு’ என்ற ஆங்கிலப் பிரயோகத்தை வைத்து வாக்கியம் அமைக்கச் சொல்கிறார்கள். தன் அழகான வீடு குண்டு விழுந்து போனதை ஒருவர் இலக்கணப் பிழையில்லாமல் சொல்கிறார். பாதிச் சிரிப்பில் அரங்கம் அடங்கிப் போகும். இந்த இடத்தைத்தான் உங்கள் சகாவிடம் காட்டச் சொல்வேன்.

இயக்குநர் பென் ஷாராக் அரபு மொழி படித்தவர், சிரியப் போருக்கு முன் 2009-ல் அந்நாட்டுத் தலைநகர் டமாஸ்கஸில் வாழ்ந்தவர். சிரியாவிலிருந்து வந்த நாயகன் ஒமர் வெறும் பரிதாப உருவமாக நின்றுவிடாததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். தாத்தாவின் ஊத் என்ற நரம்புக் கருவியைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டே அலைகிறான், வாசிப்பதில்லை. பெற்றோர் இஸ்தான்புல்லில். அண்ணன் போரிடுவதற்காகச் சிரியாவிலேயே தங்கிவிட்டான். தீவின் தொலைபேசிக் கூண்டிலிருந்துதான் வீட்டோடு பேச்சு. உடன் தங்கும் ஆப்கானியர் ஃபர்ஹாத், பிரிட்டிஷ் ராக் பாடகர் ஃப்ரெடி மெர்குரியின் ரசிகர். ஒரு கோழிக்கு அந்தப் பெயரையே வைத்து வளர்க்கிறார். உள்ளூர் இளைஞர்கள் ஒமரிடம் வாய்க்கு வந்ததைப் பேசுகிறார்கள், அப்புறம் அவர்களே காரில் ஏற்றிக்கொள்வதாகச் சொல்கிறார்கள். இந்த இரண்டும் ஒரே ஆளிடமிருந்து வருவதைப் படம் மறைக்கவில்லை.

சரி, முன்கூட்டிச் சொல்ல வேண்டியவை. இவர்கள் இன்னும் அகதிகளாக ஏற்கப்படவில்லை. தஞ்சம் கேட்டு முடிவுக்குக் காத்திருப்பவர்கள். இதைச் சொல்லாவிட்டால் “ஏன் இவர்கள் வேலைக்குப் போகவில்லை?” என்ற கேள்வி கட்டாயம் வரும். பிரிட்டனில் காத்திருக்கும் காலத்தில் வேலை செய்யத் தடை உண்டு. தம் தவறில்லாமல் 12 மாதத்துக்கு மேல் முடிவு தள்ளிப்போனால் அனுமதி கேட்கலாம், அதுவும் அரசின் பட்டியலில் உள்ள சில வேலைகளுக்கு மட்டும். சமைத்துக்கொள்ளும் வசதியுள்ள தங்குமிடம் தரப்பட்ட ஒருவருக்கு 2024-ல் கிடைத்த உதவித்தொகை வாரத்துக்கு 49.18 பவுண்டு. எங்கே தங்குவது என்பதையும் அவர்கள் தேர்ந்தெடுக்க முடியாது. 1999-ம் ஆண்டுக் குடியேற்ற, தஞ்சச் சட்டத்துக்குப் பிறகு, அரசுத் தங்குமிடம் கேட்பவர்கள் அரசு அனுப்பும் ஊருக்குத்தான் போக வேண்டும்.

படத்தின் தீவு கற்பனை. வட, தென் யூயிஸ்ட் தீவுகளில் எடுத்தார்கள். நிஜத்தில் ஸ்காட்லாந்தில் பல ஆண்டுகள் கிளாஸ்கோ நகரத்துக்குத்தான் இப்படி அனுப்பினார்கள். தீவில் குடியேறிய சிரியர்கள் உண்மையாகவே உண்டு, ஆனால் அது வேறு கதை. 2015 டிசம்பரில் ப்யூட் தீவுக்கு வந்த குடும்பங்கள் மீள்குடியேற்றத் திட்டத்தில் தங்கும் உரிமையோடும் வேலை செய்யும் உரிமையோடும் வந்தவர்கள். அவர்களில் ஒரு குடும்பம் ராத்சே ஊரில் பேக்கரி தொடங்கியது. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால், ஊரோடு ஒட்டுவதற்கு வந்தவரின் மனசு மட்டும் போதாது, கையில் இருக்கும் காகிதமும் வேண்டும் என்பது மாணவர்களுக்குத் தானாகப் புரியும்.

படத்தில் வசவுகள் உண்டு, மனதை அறுக்கும் ஒரு மரணமும் உண்டு. போரையோ இடப்பெயர்வையோ நேரில் அறிந்த மாணவர் யாராவது இருந்தால் தனியாக முன்பே சொல்லிவிடுங்கள். எல்லார் முன்னிலும் அவர்களைப் பேசச் சொல்லாதீர்கள். விவாதத்தை “எங்கே சிரித்தீர்கள், எங்கே நிறுத்தினீர்கள்?” என்று தொடங்கினால் போதும்.

ப்ரொஜெக்டரையும் முன்னாலேயே சரிபாருங்கள். படம் ஏறக்குறைய முழுக்க 4:3 என்ற சதுரம்போன்ற சட்டத்தில் ஓடும், இருபக்கமும் கறுப்பாக இருக்கும். திரை நிறையட்டும் என்று யாராவது இழுத்துப் பெரிதாக்கிவிடுவார்கள், விடாதீர்கள். கடைசியில் ஒமர் ஊத் வாசிக்கும்போது அந்தச் சட்டம் மெல்ல இருபக்கமும் விரியும்.