முதலில் மீட்டர், பிறகு ஸ்பாஞ்ச்

அக்கூஸ்டிக் கிடாரும் காற்றின் ஈரமும் பற்றி வடசென்னை வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: ஏப்ரலில் பெட்ரூமுக்கு ஏ.சி. போட்டோம். இரவு முழுக்க 22-ல் ஓடும். எதிர்ச் சுவரில்தான் கிடார் தொங்குகிறது. இப்போது நெக்கைத் தடவினால் ஃப்ரெட் முனைகள் கையைக் கீறுகின்றன, தடித்த கம்பிகள் ‘ஜிர்ர்’ என்று இரைகின்றன. ஆன்லைனில் பார்த்த, ஈரம் கொடுக்கும் ஹியூமிடிஃபயர் 2,000 ரூபாய்க்கு மேல். வாங்கத்தான் வேண்டுமா?
– பெரம்பூர் வாசகர்

பதில்: வேண்டாம். உங்கள் கிடார் காய்ந்திருக்கிறது என்பதற்கு நீங்கள் சொன்ன இரண்டுமே நல்ல அடையாளங்கள். ஐப்பசி மழையில் வாசல் கதவு நிலையில் முட்டுகிறது, பங்குனி வெயிலில் அதே கதவு தொளதொளவென்று ஆடுகிறது இல்லையா, அதே சங்கதிதான். மரம் நீளவாக்கில் அவ்வளவாக மாறாது. குறுக்குவாக்கில்தான் சுருங்கும், உப்பும். நெக்கின்மேல் விரல் அழுத்தும் பலகையான ஃபிங்கர்போர்டின் அகலம் ஒரு இழை குறைகிறது, அதில் பதித்த உலோக ஃப்ரெட் குறைவதில்லை, எனவே முனை வெளியே நீட்டிக்கொள்கிறது. டாப் என்று சொல்கிற முன்பலகையும் ஈரம் இழந்து உள்வாங்குகிறது. அதோடு, அதன்மேல் கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜும் இறங்க, கம்பி ஃப்ரெட்டுக்கு நெருங்கிவந்து உரசுகிறது.

காசு செலவில்லாத முதல் வைத்தியம், கிடாரை அந்தச் சுவரிலிருந்து இறக்குவது. ஏ.சி. காற்று நேராக அடிக்கும் இடம் அறையிலேயே மோசமான இடம். இரவில் கிடார் பைக்குள் போகட்டும், ஜிப்பை முழுக்க மூடுங்கள்.

இரண்டாவது, சில நூறு ரூபாய்க்கு, காற்றின் ஈரத்தைச் சதவீதத்தில் காட்டும் ஒரு டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும், ஆன்லைனிலும் கிடைக்கும். மலிவு மீட்டர் ஐந்து, பத்து புள்ளி தப்பாகக் காட்டுவது சகஜம் என்பதால் வாங்கிய அன்றே சோதித்துவிடுங்கள். சோடா பாட்டில் மூடியில் தூள் உப்பை நிரப்பி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு ஈர மணல் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். உப்பு கரைந்துவிடக் கூடாது. மூடியையும் மீட்டரையும் ஒரு ஜிப் கவரில் அருகருகே வைத்து, காற்றுப் புகாமல் மூடி, நிழலில் 12 மணி நேரம் விடுங்கள். நம்மூர் வெப்பத்தில் உள்ளே 75% வரவேண்டும். மீட்டர் 70 காட்டினால் அது 5 குறைத்துச் சொல்கிறது என்று அதன் முதுகிலேயே பேனாவால் எழுதிவையுங்கள். கல் உப்பு வேண்டாம். அதில் கலந்திருக்கும் மெக்னீசியம் உப்புகள் அளவைக் கீழே இழுத்துவிடும்.

இப்போது மீட்டரைக் கிடார் பைக்குள் வைத்து ஒரு வாரம் காலை, இரவு குறித்து வாருங்கள். 45 முதல் 55 வரை இருந்தால் கிடாருக்குச் சுகம். 40-க்கும் 60-க்கும் இடையே போய்வந்தாலும் பயமில்லை. நாள் கணக்கில் 40-க்குக் கீழே நின்றால் மட்டும் ஈரம் கொடுக்க வேண்டும். அதற்கான வழி அடுத்த பதிலில் இருக்கிறது, செலவு ஒரு பிரியாணி விலைகூட வராது.

அதற்குள் யாராவது ‘நெக்குக்குள் இருக்கும் கம்பியான டிரஸ் ராடைத் திருப்பினால் இரைச்சல் போய்விடும்’ என்று சொல்லிக்கொண்டு ஆலன் கீயோடு வந்தால் விடாதீர்கள். ஈரம் சரியானதும் டாப் தானாக மேலே வரும். நடுவில் திருப்பினால் பிறகு கம்பி தூக்கிக்கொண்டு நிற்கும்.

கேள்வி: வீட்டில் இருக்கிற பொருளை வைத்தே ஹியூமிடிஃபயர் செய்யலாம் என்கிறார்களே, எப்படி?
– கொளத்தூர் வாசகர்

பதில்: மூடியுள்ள பிளாஸ்டிக் சோப்பு டப்பா ஒன்று. பாத்திரம் துடைக்கும் செல்லுலோஸ் ஸ்பாஞ்ச் ஒன்று. காய்ந்தால் அட்டைபோல விறைத்து, நனைத்தால் மெத்தென்று ஊறுமே, அந்த ரகம். சோபாவில் போடும் மஞ்சள் நுரை உதவாது, தண்ணீரைப் பிடித்து வைக்காமல் ஒழுகவிடும். ஆணியைச் சூடு செய்து டப்பாவின் மூடியில் மட்டும் 4 மி.மீ. அளவில் 15, 20 துளை போடுங்கள். அடிப்பக்கத்தில் துளை வேண்டாம். ஸ்பாஞ்சை டப்பா அளவுக்கு வெட்டி, நனைத்து, பிழியுங்கள். பிழிந்தது போதும் என்று தோன்றிய பிறகு இன்னொரு தடவை பிழியுங்கள். துண்டில் ஒற்றி எடுத்தால் துண்டில் ஈரத் தடம்தான் இருக்க வேண்டும், சொட்டு இருக்கக் கூடாது.

டப்பாவை வைக்க வேண்டிய இடம், பையில், கம்பி முறுக்கும் ஹெட் பகுதிக்குக் கீழே உள்ள வெற்றிடம். மூடி மேலே பார்க்கட்டும், டப்பா கிடாரின் மரத்தைத் தொடாமல் இருக்கட்டும். டாப்பில் உள்ள வட்டத் துளையான சவுண்ட் ஹோலுக்குள் தொங்கவிடும் முறையும் உண்டு. ஆனால் கைத்தவறி ஒரு சொட்டு உள்ளே விழுந்தால் பலகைகளை உள்ளிருந்து தாங்கும் பிரேஸ் சட்டங்களை ஒட்டிய பசை இளகலாம், பின்பலகையில் கறை படியலாம். பழகாத கைக்கு டப்பாவே மேல்.

தண்ணீர் விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். பெட்ரோல் பங்கில் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் மாதக்கணக்கில் வரும். பக்கத்திலேயே ஆசிட் கேனும் இருக்கும், பார்த்து வாங்குங்கள். நம் பக்கத்து போர் தண்ணீரின் உப்பு ஸ்பாஞ்சில் பூத்து, சில வாரத்தில் அது தண்ணீரையே குடிக்காது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை நனையுங்கள். வாரம் ஒருமுறை அலசி வெயிலில் காயப்போட்டால் பூஞ்சை பிடிக்காது. வாசனைக்காக டெட்டால், அத்தர் எதுவும் கலக்க வேண்டாம்.

ஒரு நாளில் பலன் எதிர்பார்க்கக் கூடாது, அதற்குக் கணக்கு இருக்கிறது. காற்றில் 50% ஈரம் இருந்தால் மரத்தில் அதன் எடையில் சுமார் 9% தண்ணீர் தங்கும். 30% ஆனால் 6 சொச்சம்தான். கிடாரில் மரம் மட்டும் ஒன்றரை கிலோ என்று வைத்தாலும், இடையில் காணாமல் போனது ஏறக்குறைய 45 கிராம் தண்ணீர், அதாவது ஒரு சின்ன டீ கிளாஸில் பாதிக்கு மேல். வார்னிஷைத் தாண்டி அது திரும்ப உள்ளே ஏற இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். அவசரப்பட்டு ஸ்பாஞ்சைச் சொட்டச் சொட்ட வைப்பதால் வேகம் கூடாது, கறைதான் கூடும்.

கேள்வி: ஏ.சி. பக்கெட்டில் சேரும் தண்ணீர் சுத்தமானதுதானே, அதையே ஸ்பாஞ்சுக்கு ஊற்றலாமா?
– வியாசர்பாடி வாசகர்

பதில்: உப்பு இருக்காது, உண்மை. ஏ.சி.க்குள் குளிரும் காயிலில் படிந்த தூசியும் பூஞ்சையும் இருக்கும். செடிக்கு ஊற்றுங்கள்.

கேள்வி: வீடு காசிமேட்டில், கடலுக்கு அருகில். ஏ.சி. கிடையாது. வீடியோ பார்த்து மூன்று மாதமாக ஈர ஸ்பாஞ்ச் வைத்திருக்கிறேன். கம்பி ஃபிங்கர்போர்டைவிட்டு உயர்ந்துகொண்டே போகிறது, பிரிட்ஜுக்குப் பின்னால் டாப் தொப்பைபோல் எழும்பியிருக்கிறது. ஸ்பாஞ்ச் போதவில்லையா?
– ராயபுரம் வட்டார வாசகர்

பதில்: இதைப் படித்து முடிப்பதற்கு முன் அந்த ஸ்பாஞ்சை வெளியே எடுங்கள். கம்பி உயர்வது, டாப் தொப்பை போடுவது, சத்தம் மந்தமாவது எல்லாம் ஈரம் மிஞ்சியதன் அறிகுறி. நீங்கள் பார்த்த வீடியோ குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் நாட்டில் எடுத்ததாக இருக்கும். அந்த வீடுகளில் காற்று 20, 25 சதவீதத்துக்கு வறண்டுவிடும். உங்கள் ஜன்னலுக்கு வெளியே காலையில் 75, 80 ஓடுகிறது, ஐப்பசி கார்த்திகையில் அதற்கும் மேல். சென்னையில் ஏ.சி. இல்லாத வீடு உண்மையாகவே வறள்வது கத்திரி வெயிலில், மேற்குக் காற்று அடித்துக் கடல்காற்று உள்ளே வரத் தாமதமாகும் மதியங்களில் மட்டும். அப்போது 40-க்குக் கீழே இறங்கும், மாலை கடல்காற்று வந்ததும் ஏறிவிடும். சில மணி நேரத்து வறட்சியை மூடிய பையே தாங்கிக்கொள்ளும்.

பிரிட்ஜின் பின் விளிம்பில் ஒரு விசிட்டிங் கார்டை நுழைத்துப் பாருங்கள். உள்ளே போனால் பிரிட்ஜ் பெயர ஆரம்பித்திருக்கிறது. கம்பிகளை முழுக்கத் தளர்த்திவிட்டு ரிப்பேர் செய்பவரிடம் கொண்டுபோங்கள். போகவில்லை என்றால், கம்பிகளை ஒரு ஸ்வரம் இறக்கி, 100 கிராம் சிலிகா ஜெல்லைப் பருத்தித் துணியில் முடிந்து பைக்குள் வையுங்கள். நீல மணிகளில் கோபால்ட் குளோரைடு என்ற நச்சு இருக்கிறது, ஆரஞ்சு மணி வாங்குங்கள். ஈரம் குடித்தால் ஆரஞ்சு நிறம் மாறும். அப்போது 120 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் காயவைத்தால் மறுபடி வேலை செய்யும். சமையல் பாத்திரத்தில் வறுக்காதீர்கள். மீட்டர் 55-க்கு வந்ததும் முடிச்சை எடுத்துவிட வேண்டும். மறந்துபோய் மூடியே வைத்தால் சிலிகா ஜெல் நிற்காது, 40-க்குக் கீழேயும் இழுத்துக்கொண்டு போகும்.

பீரோவில் வைக்கும் கால்சியம் குளோரைடு டப்பாவைக் கிடார் பைக்குள் வைக்கவே கூடாது. அதில் சேரும் உப்புத் தண்ணீர் கவிழ்ந்தால் கிடார் தேறாது. அந்துருண்டையும் வேண்டாம், அதன் ஆவி சில பிளாஸ்டிக்கையும் பூச்சையும் இளக்கும்.

கேள்வி: யு.எஸ்.பி.யில் புகைபோல் நீராவி விடும் குட்டி ஹியூமிடிஃபயர் 300 ரூபாய்க்கு வாங்கினேன். ஏ.சி. அறையில் கிடாருக்குப் பக்கத்தில் வைக்கலாமா?
– தண்டையார்பேட்டை வாசகர்

பதில்: நீங்கள் விடும் ஈரத்தை ஏ.சி. காயில் உறிஞ்சிப் பக்கெட்டில் கொட்டிக்கொண்டே இருக்கும், மின்கட்டணம் இரண்டுக்கும் சேர்த்து வரும். அது நீராவியும் அல்ல, பொடித்த தண்ணீர். குழாய்த் தண்ணீர் ஊற்றினால் அதிலுள்ள உப்பும் பறந்து கிடார்மேல் வெள்ளைத் தூளாகப் படியும். படிக்கிற மேசையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஏ.சி. அறையில் வாசித்துவிட்டு மாடிக்கு எடுத்துப்போனால் கிடார் முழுக்க வியர்க்கிறது. ஏன்?
– திருவொற்றியூர் வாசகர்

பதில்: கடலோரக் காற்று 25, 26 டிகிரியிலேயே பனிக்கத் தொடங்கிவிடும். கிடார் 22-ல் இருக்கிறது. மூக்குக் கண்ணாடியில் படிவதுபோல அதன்மேலும் நீர் படிகிறது. கம்பி துருப்பிடிக்க இது ஒன்றே போதும். மூடிய பையோடு வெளியே எடுத்துப்போய், அரை மணி நேரம் திறக்காமல் வைத்து, பிறகு எடுங்கள்.

கேள்வி: ஃபிங்கர்போர்டு வெளுத்துக் காய்ந்திருக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவலாமா?
– மாதவரம் வாசகர்

பதில்: தலைக்குத் தடவுங்கள். மரத்தில் அது உலராமல் பிசுபிசுத்து அழுக்கைச் சேர்க்கும், நாளாக ஆகச் சிக்கு வாடை வரும். வாசனையில்லாத மினரல் ஆயில் நாலைந்து சொட்டைத் துணியில் விட்டுத் துடைத்து, ஐந்து நிமிடத்தில் உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை போதும். பளபளவென்று வார்னிஷ் அடித்த மேப்பிள் ஃபிங்கர்போர்டுக்கு அதுவும் தேவையில்லை. எண்ணெய் போட்டால் ஈரம் திரும்பிவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

கேள்வி: மகள் ஜனவரியில் படிக்க டொரொன்டோ போகிறாள். கிடாரும் கூடப் போகிறது. அங்கே என்ன செய்ய வேண்டும்?
– பழைய வண்ணாரப்பேட்டை வாசகர்

பதில்: ஹியூமிடிஃபயர் உண்மையாகவே தேவைப்படும் ஆள் உங்கள் மகள்தான். சென்னை ஈரத்தில் ஊறிய மரம் ஹீட்டர் அறையில் போய் நின்றால் சில வாரத்திலேயே டாப் வெடிக்கலாம்.

முதலில் கிடார் எந்த ரகம் என்று பாருங்கள். சவுண்ட் ஹோலின் விளிம்பில் டார்ச் அடித்தால், டாப்பின் ரேகைகள் மேலிருந்து கீழ்வரை தடையின்றி ஓடினால் அது திட மரம். நடுவில் வேறு நிறத்தில் ஓர் அடுக்கு தெரிந்தால் ப்ளைவுட். யமஹா எஃப்ஜி800 போன்றவற்றில் டாப் திட ஸ்ப்ரூஸ் மரம். ப்ளைவுட் அவ்வளவு எளிதில் வெடிக்காது, ஆனால் அதன் ஃபிங்கர்போர்டும் சுருங்கத்தான் செய்யும்.

திட மரமென்றால் பை போதாது, ஹார்ட் கேஸ் வேண்டும். பையின் துணி வழியே ஈரம் போய்க்கொண்டே இருக்கும். கேஸுக்குள் போவேடா 49% போன்ற இருவழிப் பாக்கெட்டுகள் மூன்று: இரண்டு சவுண்ட் ஹோலில் கம்பியின் குறுக்கே தொங்கும் உறையில், ஒன்று ஹெட்டுக்குக் கீழே. உள்ளே இருப்பது கெட்டியான உப்புக் கரைசல். காற்று வறண்டால் ஈரம் விடும், மிஞ்சினால் வாங்கிக்கொள்ளும், சொட்டாது. ஸ்பாஞ்சைவிட விலை அதிகம்தான், ஆனால் பரீட்சை நேரத்தில் நனைக்க மறந்துபோகும் பிள்ளைக்கு அதுவே சரி. உள்ளே கட்டியாக விறைத்துவிட்டால் ஆயுள் முடிந்தது. ஹீட்டர் ஓடும் மாதங்களில் அது சீக்கிரமே முடியும் என்பதால் மாற்று செட் ஒன்றைக் கையோடு அனுப்புங்கள்.

விமானத்துக்குக் கம்பிகளை இரண்டு ஸ்வரம் இறக்கி, கேஸுக்குள் ஹெட்டைச் சுற்றித் துணி அடைத்து, ஆடாமல் வைக்கச் சொல்லுங்கள். போய் இறங்கியதும் கேஸை ஒரு நாள் திறக்கவே கூடாது. உறைந்த கிடார் சூடான அறையில் சட்டென்று விரிந்தால் வார்னிஷில் நூல்போல வெடிப்புகள் ஓடும். அந்த வெடிப்புகள் வந்துவிட்டால் தானாக மூடாது.

கேள்வி: பிரிட்ஜுக்குக் கீழே டாப்பில் மயிரிழைபோல ஒரு விரிசல், நான்கு அங்குலம். ஃபெவிக்விக் விடட்டுமா?
– எண்ணூர் வாசகர்

பதில்: விட்டால் அடுத்து ஒட்டுபவருக்கு அங்கே நல்ல பசை பிடிக்காது, வார்னிஷும் வெந்துபோகும். சுருங்கியதால் வந்த விரிசல் ஈரம் ஏறினால் பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். கம்பிகளைத் தளர்த்தி, சோப்பு டப்பாவோடு பையில் மூடி, மீட்டர் 50-ல் நிற்கும்படி இரண்டு வாரம் வைத்திருங்கள். மூடிய பிறகு அதில் மரப் பசையை விரலால் அழுத்தி ஏற்றி, உள்பக்கம் ரேகைக்குக் குறுக்காக ஸ்ப்ரூஸ் சில்லுகள் ஒட்ட வேண்டும். அது கிடார் ரிப்பேர் தெரிந்தவர் கைவேலை. விரிசல் திறந்து நிற்கும்போதே பசை ஊற்றி மூடுகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். மழைக்காலத்தில் மரம் உப்பும்போது அந்தப் பசை ஆப்புபோல நின்று பக்கத்தில் இன்னொரு விரிசல் போடும்.