டீம்ல யாரும் வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க – வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் அக்கா,

நாலு வருஷமா ஒரே டீம்ல வேலை பார்த்துட்டு இருந்தேன், போன ஏப்ரல்ல என்னையே டீம் லீடா போட்டுட்டாங்க. அதுவரைக்கும் என்கூட உக்காந்து மேனேஜரைப் பத்தி பொலம்பிட்டு இருந்தவங்க எல்லாம் இப்போ நான் உள்ள வந்தா பேச்சை நிறுத்திடறாங்க. மீட்டிங்ல "ஏதாவது பிரச்சினை இருக்கா"ன்னு கேட்டா ஒருத்தரும் பேசறதில்ல, ஆனா கடைசி நாள்ல பார்த்தா பாதி வேலை அப்படியே கிடக்கு. போன மாசம் ஒருத்தர் பண்ணின தப்பு, கஸ்டமர் போன் பண்ணி சத்தம் போட்டப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது. கூட இருந்தவங்களைப் போய் எப்படி கேக்கறதுன்னு சங்கடமா இருக்கு, அதனால ராத்திரி உக்காந்து எல்லாத்தையும் நானே சரி பண்ணிடறேன். தூக்கம் போச்சு, காலைல போன் அடிச்சாலே படபடன்னு வருது. தலைமைப் பொறுப்பு எனக்கு செட் ஆகலையோ, திருப்பிக் குடுத்துடலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பிக்கு,

கடிதத்தைப் படிச்சதும் எனக்கு உறுத்தினது அந்த கஸ்டமர் போன்தான். அந்தத் தப்பு, பண்ணினவருக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கலாம், பக்கத்து சீட்ல இருக்கறவருக்கும் தெரிஞ்சிருக்கலாம், உங்ககிட்ட மட்டும் வந்து சேரல. ஏன் வரலங்கறதைப் பிடிச்சுட்டா மீதி பாதி அவிழ்ந்துடும்னு நினைக்கறேன்.

ஏமி எட்மண்ட்சன்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர், 1990கள்ல ஆஸ்பத்திரிகள்ல மருந்து குடுக்கறதுல நடக்கற தப்புகளைப் பத்தி ஆராய்ச்சி பண்ணினாங்க. நல்லா ஒத்துப்போற குழுவுல தப்பு கம்மியா இருக்கும்னுதான் எதிர்பார்த்தாங்க, ஆனா கணக்குல அந்தக் குழுக்கள்லதான் தப்பு அதிகமா பதிவாகியிருந்துச்சு. தோண்டிப் பார்த்தா, அங்க தப்பு நிறைய நடந்ததுன்னு அர்த்தம் இல்ல, நடந்ததை பயமில்லாம வெளிய சொல்லியிருக்காங்க, மத்த இடங்கள்ல மூடி மறைச்சிருக்காங்க. பயமில்லாம பேச முடியுங்கற இந்த நம்பிக்கையைப் பத்தி 1999ல அவங்க விரிவா ஒரு கட்டுரை எழுதினாங்க. அப்புறம் கூகுள்ல 2012லேர்ந்து நூத்தி எண்பதுக்கும் மேல டீம்களை வச்சு எது நல்லா வேலை செய்யுதுன்னு பார்த்தப்போ, டீம்ல யார் யார் இருக்காங்கங்கறதை விட, "இங்க நான் ஒண்ணு சொன்னா என்னை மட்டம் தட்ட மாட்டாங்க"ங்கற நம்பிக்கை இருக்காங்கறதுதான் முதல் இடத்துல வந்து நின்னுச்சு.

உங்க டீம்ல அந்த நம்பிக்கை இல்லாததுக்கு நீங்க கத்தறவரா இருக்கணும்னு அவசியமே இல்ல தம்பி. நீங்க ராத்திரி சத்தமில்லாம சரி பண்றீங்க பாருங்க, அதுவும் ஒரு மௌனம்தான். காலைல வந்து ஃபைலைத் திறக்கறவர் தன் வேலை மாறியிருக்கறதைப் பார்க்கறார், ஏன்னு தெரியாது, கேட்கவும் கூச்சம், "நம்ம மேல நம்பிக்கை இல்ல போல, எப்படியும் அவரே திருத்திக்குவார்"னு ஒரு முடிவுக்கு வந்துடுவார். அவங்க தப்பை உங்ககிட்ட சொல்றதில்ல, நீங்களும் அவங்க தப்பை அவங்ககிட்ட சொல்றதில்ல. நல்ல மனசோடதான் பண்றீங்க, எனக்குப் புரியுது, ஆனா இதை நிறுத்தியே ஆகணும்.

அதனால முதல்ல அந்தக் கஸ்டமர் விஷயத்துல மாட்டினவர்கிட்ட தனியா உக்காருங்க. எல்லார் முன்னாடியும் வேண்டாம், மெசேஜ்லயும் வேண்டாம். "நீங்க கவனமே இல்லாம இருக்கீங்க"ன்னு ஆரம்பிச்சா அது அந்த ஆளைப் பத்தின தீர்ப்பு, அவர் தன்னைக் காப்பாத்திக்கத்தான் பார்ப்பார். நடந்ததை மட்டும் சொல்லுங்க, உதாரணத்துக்கு, வியாழக்கிழமை போன ஃபைல்ல பழைய ரேட் இருந்துச்சு, கஸ்டமர் அதை நம்பி ஆர்டர் போட்டுட்டார், இப்படி. அப்புறம் "என்ன ஆச்சு?"ன்னு ஒரே கேள்வி கேட்டுட்டு நிறுத்திடுங்க. இந்த நிறுத்தறதுதான் ரொம்பக் கஷ்டம், கொஞ்ச நேரம் அமைதியா இருந்தாலே நமக்குத் தாங்காது, நாமளே பதிலையும் எடுத்துக் குடுத்து நாமளே மன்னிச்சும் விட்டுடுவோம், அவருக்குப் பேச இடமே இருக்காது. காத்திருங்க. ஒருவேளை ரேட் மாறின தகவல் அவருக்கு வந்தே சேராம இருந்திருக்கலாம், அப்போ சரி பண்ண வேண்டியது வேற எங்கயோ இருக்கு. கடைசில திருத்தற வேலையை அவர் கையிலயே குடுங்க.

மீட்டிங்ல கேக்கற கேள்வியையும் மாத்திப் பாருங்க. பத்து பேர் நடுவுல "ஏதாவது பிரச்சினை இருக்கா"ன்னா "இல்ல"ங்கறதுதான் எல்லாருக்கும் வசதியான பதில். "இந்த வாரம் எது இழுத்துக்கும்னு தோணுது?"ன்னு கேளுங்க, ஏதோ ஒண்ணு இழுக்கத்தான் போகுதுன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகும், சொல்றதுக்கு தைரியம் வரும். அப்படி முதல் தடவை ஒருத்தர் கெட்ட சேதியோட வரும்போது உங்க முகம் எப்படிப் போகுதுன்னு மொத்த டீமும் பார்த்துட்டு இருக்கும். "இப்போவாவது சொன்னீங்களே"ன்னு ஒரு வார்த்தை விட்டீங்கன்னா அடுத்த ஆறு மாசத்துக்கு யாரும் வர மாட்டாங்க. சொன்னதுக்கு நன்றி சொல்லிட்டு, என்ன உதவி வேணும்னு கேளுங்க, யாரு எவருங்கறதெல்லாம் அப்புறம்.

நீங்க வந்தா பேச்சு நிக்கறது வலிக்கத்தான் செய்யும். ஆனா அவங்க லீவையும் அப்ரைசலையும் பத்தி உங்க கையில இப்போ ஒரு பேனா இருக்கு, அதை மறந்துட்டு பழைய மாதிரி பழகுங்கன்னு அவங்ககிட்ட கேக்க முடியாது. பொலம்பறதுக்கு அவங்களுக்கு ஒரு இடம் வேணும், விட்டுடுங்க. ஒவ்வொருத்தர்கூடவும் வாரம் ஒரு அரை மணி நேரம் தனியா பேசுங்க, அதுல வேலை நிலவரம் கேக்காம அவங்களுக்கு எது தடையா இருக்குன்னு கேளுங்க.

இப்போ உங்க உடம்பு. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021ல வெளியிட்ட ஆய்வு, வாரம் 55 மணி நேரமோ அதுக்கு மேலயோ வேலை பார்க்கறவங்களுக்கு, 35லேர்ந்து 40 மணி நேரம் பார்க்கறவங்களை விட பக்கவாதம் வர்ற ஆபத்து சுமார் 35 சதவீதமும், இதய நோயால இறக்கற ஆபத்து 17 சதவீதமும் அதிகம்னு சொல்லுது. உங்க ராத்திரிகளையும் சேர்த்து வாரத்துக்கு எவ்வளவு வருதுன்னு நீங்களே கூட்டிப் பாருங்க. உடம்பு மனசு ரெண்டும் காலியான சோர்வு, வேலை மேலயே ஒரு வெறுப்பு, என்ன பண்ணினாலும் உருப்படியா முடியலங்கற எண்ணம், இந்த மூணும் சேர்ந்து வர்றதைத்தான் பர்ன்அவுட்னு 2019ல உலக சுகாதார நிறுவனம் விளக்குச்சு, சமாளிக்கப்படாத தொடர்ச்சியான வேலை அழுத்தத்தால வர்றதுன்னும் சொல்லுச்சு. உங்களுக்கு அது இருக்கா இல்லையான்னு கடிதத்தை வச்சு நான் சொல்லக்கூடாது. தூக்கமும் படபடப்பும் சாதாரண விஷயம்னு தள்ளிப் போடாம டாக்டரைப் பாருங்க, இதை நான் கெஞ்சியே கேக்கறேன்.

இன்னொண்ணும் இருக்கு. பிரிட்டிஷ் அரசு ஊழியர்களை வருஷக்கணக்கா கவனிச்ச வைட்ஹால் ஆய்வுகள்ல, தன் வேலை மேல தனக்கு கட்டுப்பாடு குறைவா இருக்கறவங்களுக்கு இதய நோய் அதிகமா வந்தது தெரிஞ்சுது. நீங்க ராத்திரில அவங்க வேலையை எடுத்துக்கும்போது அந்தக் கட்டுப்பாட்டையும் சேர்த்து எடுத்துடறீங்க, கெடறது உங்க தூக்கம் மட்டும் இல்ல.

பதவியைத் திருப்பிக் குடுக்கறதுல அவமானம் எதுவும் இல்ல, வேலையை நல்லா செய்யறதும் செய்ய வைக்கறதும் வேற வேற திறமை, முதலாவது மட்டும் போதும்னு சந்தோஷமா இருக்கறவங்க நிறைய பேர். ஆனா தூங்காத மனுஷன் எடுக்கற முடிவா அது இருக்க வேண்டாம். இப்போதைக்கு உங்க மேனேஜர்கிட்ட போய், லீடா போட்டீங்க, என் பழைய வேலையும் என் தலைமேலதான் இருக்கு, அதை யாருக்கு மாத்தறதுன்னு கேளுங்க. அவர் என்ன சொன்னார்னு எழுதுங்க.

அன்புடன்,
அக்கா