பெயரை மாற்றினால் லைப்ரரி மாறாது: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன: லினக்ஸில் சிஸ்டம் லைப்ரரியில் (பல மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் பொதுக் கோட் ஃபைல்களில்) கை வைத்துவிட்டு, அப்புறம் முழிப்பது. வழக்கம்போல ஒரு வேண்டுகோள். எரர் செய்தியை முழுவதுமாக எழுத்தாக அனுப்புங்கள். திரையை ஃபோனில் சாய்வாகப் படம் எடுத்து அனுப்பாதீர்கள்.

கேள்வி: தினமும் ஆப்ட் அப்டேட் ஓட்டுகிறேன். ஆனால் எந்த மென்பொருளும் புதிய வெர்ஷனுக்கு மாறுவதில்லை. ஏன்?

ஆப்ட் என்பது டெபியன், உபுண்டுவில் மென்பொருளை நிறுவும் பேக்கேஜ் மேனேஜர். அதன் அப்டேட் கமாண்ட், என்னென்ன கிடைக்கின்றன என்ற பட்டியலை மட்டும்தான் புதுப்பிக்கும். அப்புறம் ஆப்ட் அப்கிரேட் ஓட்ட வேண்டும். தினமும் விலைப்பட்டியலை வாங்கிப் படித்துவிட்டு, கடைக்குப் போகாமலே இருந்திருக்கிறீர்கள்.

கேள்வி: கம்பைல் செய்யும்போது எஸ்எஸ்எல் ஹெடர் ஃபைல் இல்லை என்கிறது. ஓபன்எஸ்எஸ்எல் என் கணினியில் இருக்கிறதே?

ஓட்டுவதற்கான லைப்ரரி இருக்கிறது. கம்பைல் செய்ய, அதாவது சோர்ஸை ஓடும் மென்பொருளாக்க, லைப்ரரியில் என்னென்ன ஃபங்ஷன்கள் உண்டு என்று சொல்லும் ஹெடர் வேண்டும், அது இல்லை. டெபியன், உபுண்டுவில் பெயரின் கடைசியில் 'டெவ்' என்று முடியும் பேக்கேஜ் வேண்டும். ஃபெடோரா குடும்பத்தில் 'டெவெல்' என்று முடியும். எந்த ஃபைல் எந்தப் பேக்கேஜில் இருக்கிறது என்று தேட ஆப்ட்-ஃபைல் என்ற கருவி இருக்கிறது. ஒரு முறை நிறுவிக்கொண்டால் இந்தக் கேள்வியை யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது.

கேள்வி: உபுண்டு 22.04-க்கு மாறிய பிறகு எங்கள் பழைய பில்லிங் மென்பொருள் 'லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1 இல்லை' என்றது. லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3 இருந்ததால் அதற்கே 1.1 என்ற பெயரில் சிம்லிங்க் (குறுக்குவழி) போட்டேன். அந்த எரர் போய் வேறு எரர் வருகிறது. அடுத்து என்ன சிம்லிங்க் போட வேண்டும்?

அடுத்த சிம்லிங்க் எதுவும் வேண்டாம். முதலில் போட்டதை அழியுங்கள், இப்போதே.

மாதத்துக்கு மூன்று நான்கு பேராவது இதைச் செய்துவிட்டு எழுதுகிறார்கள். எஸ்ஓ என்பதற்குப் பின்னால் வரும் எண்ணை அலங்காரத்துக்கு யாரும் போடவில்லை. அந்த எண்ணோடு சேர்ந்த பெயருக்கு சோநேம் என்று பெயர். 'இந்த எண் மாறாதவரை, என்னை நம்பிக் கம்பைல் செய்த மென்பொருளை உடைக்க மாட்டேன்' என்று லைப்ரரியை எழுதியவர் கொடுக்கும் வாக்கு அது. எண் மாறிவிட்டது என்றால், உள்ளே ஃபங்ஷன்கள் போயிருக்கலாம், தகவலை அடுக்கும் ஸ்ட்ரக்சர்களின் அளவு மாறியிருக்கலாம். வீட்டு எண் பலகையைக் கழற்றிப் பக்கத்து வீட்டில் மாட்டினால் உங்கள் மாமா அங்கே குடிவந்துவிடுவாரா?

உங்களுக்கு உண்மையில் அதிர்ஷ்டம் இருக்கிறது. ஓபன்எஸ்எஸ்எல் தன் ஃபங்ஷன்களுக்கு வெர்ஷன் முத்திரை குத்தியிருப்பதால், லோடர் (மென்பொருளைத் தொடங்கும்போது லைப்ரரிகளை இணைத்துவிடும் பகுதி) அதைச் சரிபார்த்து வாசலிலேயே நிறுத்திவிட்டது. நீங்கள் பார்த்த இரண்டாவது எரர் அதுதான். முத்திரை இல்லாத லைப்ரரியாக இருந்திருந்தால் மென்பொருள் ஓடத் தொடங்கி, ஏதோ ஒரு நாள் நடுவழியில் விழுந்திருக்கும். விழாமல் தப்புத் தப்பாகக் கணக்கு எழுதியிருந்தால் இன்னும் மோசம். பில்லிங் மென்பொருள் என்று வேறு சொல்கிறீர்கள்.

இதைவிடக் கொடுமை, ஏதோ ஒரு தளத்திலிருந்து எஸ்ஓ ஃபைலை மட்டும் இறக்கி சிஸ்டம் லைப்ரரி ஃபோல்டரில் போடுவது. நானும் செய்திருக்கிறேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மென்பொருள் புதிய ஜிலிப்சி (பெரும்பாலான லினக்ஸ்களின் அடிப்படையான சி லைப்ரரி) கேட்டது என்பதற்காக இன்னொரு கணினியிலிருந்து சி லைப்ரரியை எடுத்து வந்து இருந்ததன் மேலேயே காப்பி செய்தேன். அடுத்த நொடி, ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ் ஓடவில்லை. காப்பி செய்யும் சிபி, நகர்த்தும் எம்வி, நிர்வாகி உரிமை தரும் சூடோ எதுவும் ஓடவில்லை. எல்லாமே அந்த லைப்ரரியை நம்பி இருப்பவை. திறந்திருந்த ஷெல்லுக்குள்ளேயே (கமாண்டை வாங்கி ஓட்டும் மென்பொருளுக்குள்ளேயே) இருக்கும் கமாண்டுகள் மட்டும் மிச்சம். எக்கோ-வோடு நட்சத்திரக் குறி போட்டு ஃபைல் பெயர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ரெஸ்க்யூ சிடி போட்டுத்தான் மீட்டேன். அன்றிலிருந்து எனக்கு ஒரே விதி: சிஸ்டம் லைப்ரரி ஃபோல்டரைத் தொடும் உரிமை பேக்கேஜ் மேனேஜருக்கு மட்டும். நீங்களாகக் கம்பைல் செய்வது எதுவானாலும் யூஎஸ்ஆர் லோக்கல் ஃபோல்டரின் அடியில் போகட்டும், பிறகு லைப்ரரிப் பட்டியலைப் புதுப்பிக்கும் எல்டிகான்ஃபிக் ஓட்டுங்கள்.

சரி, உங்கள் பில்லிங்குக்கு வருவோம். சோர்ஸ் கையில் இருந்தால் ஓபன்எஸ்எஸ்எல் 3-ஐ வைத்து மறுபடி கம்பைல் செய்யுங்கள். சில வரிகள் மாற்ற வேண்டிவரலாம். விற்றவர் இன்னும் தொழிலில் இருந்தால் அவரிடம் புதிய பைனரி (கம்பைல் செய்த ஃபைல்) கேளுங்கள். 3.0 வந்தது 2021 செப்டம்பரில். அவர் தூங்கிக்கொண்டிருக்கக் காரணமே இல்லை. இரண்டும் முடியாது என்றால், பழைய டெபியன் 11 ஒன்றைக் கன்டெய்னரில் (மற்றவற்றிலிருந்து பிரித்த சூழலில்) வைத்து மென்பொருளை அதற்குள் ஓட்டுங்கள், வெளி நெட்வொர்க்கைத் துண்டித்துவிட்டு. 1.1.1-க்கான பொது ஆதரவை ஓபன்எஸ்எஸ்எல் 2023 செப்டம்பரிலேயே நிறுத்திவிட்டது. இணையத்துக்குத் திறந்துவைத்தபடி அதை ஓட்டாதீர்கள்.

கேள்வி: டெபியன் 12-ல் பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் பிப் இன்ஸ்டால் கமாண்ட் ஓட்டினால் 'வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல்' என்று மறுக்கிறது. 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' என்ற ஆப்ஷனைப் போட்டால் ஓடுகிறது. போடலாமா?

அதன் பெயரைத் தமிழில் ஒரு முறை சொல்லிப் பாருங்கள். 'சிஸ்டம் பேக்கேஜ்களை உடை' என்று நீங்களே உத்தரவு கொடுக்கிறீர்கள். சிஸ்டத்தோடு வந்த பைத்தான் உங்களுக்கானது அல்ல. கணினியின் சொந்த நிர்வாகக் கருவிகள் பலவும் அதை நம்பி ஓடுகின்றன. வீஎன்வ் (உங்களுக்கென்று தனிப் பைத்தான் சூழல்) போட்டு அதற்குள் எதை வேண்டுமானாலும் நிறுவுங்கள். கமாண்டாகப் பயன்படுத்தும் மென்பொருள் என்றால், ஒவ்வொன்றையும் தனிச் சூழலில் நிறுவும் பிப்எக்ஸ். சூடோவோடு பிப் ஓட்டுகிறவர்களுக்கு இந்தப் பகுதியில் இனி பதில் கிடையாது.

கேள்வி: ஆடிட்டுக்கு வந்தவர்கள் எங்கள் டெபியன் சர்வரில் உள்ள பேக்கேஜ்கள் எல்லாம் பழைய வெர்ஷன், ஓட்டை நிறைந்தவை என்று அறிக்கை கொடுத்திருக்கிறார்கள். சோர்ஸிலிருந்து புதிதாகக் கம்பைல் செய்துவிடட்டுமா?

வேண்டாம். டெபியனின் நிலையான வெளியீடான ஸ்டேபிளில் வெர்ஷன் எண் நகராது, பாதுகாப்புத் திருத்தம் மட்டும் பின்னோக்கி வந்து சேரும். 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற ஓபன்எஸ்எஸ்எல் ஓட்டை வெடித்தபோது ஓபன்எஸ்எஸ்எல் தரப்பில் திருத்தம் 1.0.1ஜி-யாக வந்தது. டெபியன் 7-ல் பேக்கேஜின் எண் 1.0.1இ-யாகவே இருந்தது, வால்பகுதி மட்டும் 'டெப்7யூ5' என்று மாறியது. ஓட்டை அடைபட்டுவிட்டது. முன்பாதியை மட்டும் படிக்கும் ஸ்கேனருக்கு அது தெரியாது. டெபியனின் செக்யூரிட்டி டிராக்கரில் சிவிஇ எண்ணை (ஒவ்வொரு ஓட்டைக்கும் தரப்படும் பொது அடையாள எண்) போட்டுப் பார்த்து, அந்தப் பக்கத்தை அறிக்கையோடு இணைத்து அனுப்புங்கள்.

ஆனால் வேறு ஒன்றைக் கவனியுங்கள். லைப்ரரியை அப்கிரேட் செய்தாலும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸ் பழைய பிரதியை மெமரியில் பிடித்துக்கொண்டேதான் இருக்கும். டிஸ்க்கில் அழிந்துவிட்டது என்பதால் ஓட்டை போய்விடாது. நீட்ரீஸ்டார்ட் நிறுவி, அது சொல்வதை மறுபடி தொடங்குங்கள். ஆடிட்காரர்கள் இதைக் கேட்கவே இல்லை, பாருங்கள்.

கேள்வி: பைனரி ஃபைல் அங்கேயே இருக்கிறது, எல்எஸ் காட்டுகிறது, பர்மிஷனும் சரி. ஓட்டினால் 'நாட் ஃபவுண்ட்' என்கிறது. என் கணினிக்குப் பேய் பிடித்திருக்கிறதா?

நீளமான கடிதத்தின் கடைசி வரியில் 'ஆல்பைன் கன்டெய்னர்' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதை முதல் வரியில் எழுதியிருக்கலாம். ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸின் சி லைப்ரரி மஸ்ல், ஜிலிப்சி அல்ல. உங்கள் பைனரி ஜிலிப்சிக்காகக் கம்பைல் ஆனது. காணவில்லை என்பது உங்கள் ஃபைலை அல்ல, அது தேடும் லோடரை. ஆல்பைனுக்குள்ளேயே கம்பைல் செய்யுங்கள், அல்லது டெபியன் ஸ்லிம் இமேஜுக்கு மாறுங்கள்.

கேள்வி: எக்ஸ்இசட் (ஃபைல்களைச் சுருக்கும் மென்பொருள்) விவகாரத்துக்குப் பிறகு ஓப்பன் சோர்ஸை நம்பலாமா? எல்லாரும் பார்க்கிறார்கள் என்பார்களே, யார் பார்த்தார்கள்?

ஒருவர் பார்த்தார். 2024 மார்ச் கடைசியில், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் டெவலப்பரான ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட், எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) லாகின் சுமார் அரை நொடி தாமதமாவதைக் கவனித்து நோண்டினார். நூலைப் பிடித்துப் போனால் எக்ஸ்இசட் 5.6.0, 5.6.1 இரண்டிலும் பின்கதவு. அதை வைத்தவர் சுமார் இரண்டு வருடம் ஒழுங்காக வேலை செய்து நம்பிக்கை சம்பாதித்தவர். தனியாளாகக் களைத்துப்போயிருந்த மூல ஆசிரியரை, 'ஏன் தாமதம், வேறு ஆளிடம் கொடு' என்று சில பெயர்கள் நச்சரித்ததும் நடந்தது.

பின்கதவைத் திறக்கும் பில்டு ஸ்கிரிப்ட் வரிகள் கிட்டில் (சோர்ஸ் எல்லாரும் பார்க்கும்படி வைக்கப்படும் இடத்தில்) இல்லை, வெளியிட்ட டார்பாலில் (சோர்ஸ் மூட்டையில்) மட்டும் இருந்தன. அதனால் கிட்டைப் படித்தவர்களுக்கும் முழுப் படம் கிடைத்திருக்காது. டெபியன் ஸ்டேபிளுக்கு அது வந்து சேரவில்லை. சோதனை நிலையிலுள்ள டெஸ்டிங், அன்ஸ்டேபிள் வரைதான் வந்தது. 'ஸ்டேபிள் ரொம்பப் பழசு சார்' என்று மூக்கைச் சுளிப்பவர்கள் இதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். நம்பலாமா என்றால், மூடிய மென்பொருளாக இருந்திருந்தால் அந்த அரை நொடியைத் துரத்திக்கொண்டு சோர்ஸ் வரை போக ஃப்ராயண்டுக்கு வழியே இருந்திருக்காது.

கேள்வி: நாங்கள் விற்கும் மூடிய மென்பொருளில் ஜிஎன்யூ ரீட்லைனை (கமாண்ட் வரியைத் திருத்த உதவுவது) இணைக்கலாமா? லைப்ரரிதானே?

லைப்ரரி என்றாலே எல்ஜிபிஎல் (மூடிய மென்பொருளோடும் இணைக்க விடும் உரிமம்) என்று நினைத்துக்கொள்கிறீர்கள். ரீட்லைன் முழு ஜிபிஎல். இணைத்து விநியோகித்தால் உங்கள் மென்பொருளையும் ஜிபிஎல்லில் கொடுக்க வேண்டிவரும். அதே வேலைக்குக் கட்டுப்பாடு குறைந்த பிஎஸ்டி உரிமத்தில் லிப்எடிட் இருக்கிறது, அதைப் பாருங்கள். கையெழுத்துப் போடும் முன் வக்கீலையும் பாருங்கள்.

கேள்வி: லினக்ஸில் ஓடும் என் ஸ்கிரிப்டில், ஃபைலுக்குள் எழுத்தை மாற்றும் 'செட்' கமாண்டின் 'ஐ' ஆப்ஷன் மேக்கில் எரர் தருகிறது.

மேக்கில் இருப்பது பிஎஸ்டி செட். 'ஐ'-க்குப் பிறகு பேக்கப் ஃபைலின் பின்னொட்டை அது கட்டாயம் கேட்கும். வேண்டாம் என்றால் காலி மேற்கோள் கொடுங்கள். ஸ்கிரிப்டில் பாஷ் என்ற ஷெல்லின் 4-ம் வெர்ஷன் வசதிகளைப் பயன்படுத்தியிருந்தால் அடுத்த எரருக்கும் தயாராக இருங்கள். மேக்கோடு வரும் பாஷ் 3.2-ஐத் தாண்டவில்லை, ஏனென்றால் அதற்குப் பிறகு வந்தவை ஜிபிஎல் 3 உரிமத்தில் இருக்கின்றன.

கேள்வி: உபுண்டுவில் தமிழ்99 எப்படி? டெர்மினலில் மட்டும் 'கொ' உடைந்து தெரிகிறதே?

ஐபஸ்-எம்17என் பேக்கேஜை நிறுவி, லாக்அவுட் செய்து வந்தால் கீபோர்டுப் பட்டியலில் தமிழ்99 இருக்கும். பிரவுசரும் லிப்ரெஆபீஸும் எழுத்துகளைக் கோக்க ஹார்ஃப்பஸ் லைப்ரரியைப் பயன்படுத்துவதால் அங்கே சரியாக வரும். பெரும்பாலான டெர்மினல்கள் ஒரு எழுத்துக்கு ஒரு கட்டம் என்று ஆங்கிலக் கணக்கில் அடுக்குபவை. கொம்பும் காலும் சேர்ந்த எழுத்தை எந்தக் கட்டத்தில் வைப்பது என்று அவற்றுக்குப் புரிவதில்லை. ஃபைலில் எழுத்து சரியாகத்தான் இருக்கிறது, பயப்படாதீர்கள்.

கேள்வி: சர்வர் வேலை செய்யவில்லை. மிக அவசரம். உடனே பதில் தரவும்.

எந்த சர்வர்?