வாசகர் கேள்வி: நம்ம ஊர் மக்கள்தொகை எது, பேருந்து ஏன் வரவில்லை?

கேள்வி: பேருந்து கேட்டு மனு எழுதுகிறோம். எங்கள் ஊர் மக்கள்தொகை கணக்கெடுப்பில் ஓர் எண்ணாகவும், ஊராட்சியில் வேறாகவும், ரேஷன் கடையில் இன்னொன்றாகவும் இருக்கிறது. எதைப் போடுவது?

பதில்: மூன்றுமே சரியாக இருக்கலாம். ஒவ்வொன்றும் எண்ணியது வேறு ஊரை. 2011 கணக்கெடுப்பில் 'கிராமம்' என்றால் வருவாய் கிராமம், அதாவது வருவாய்த் துறையின் நிலப் பதிவுகளில் எல்லை குறிக்கப்பட்ட கிராமம். கிராம ஊராட்சியின் எல்லை அதோடு ஒத்துப்போக வேண்டியதில்லை; சில ஊராட்சிகளில் இரண்டு மூன்று வருவாய் கிராமங்கள் இருக்கும். நீங்கள் வாய்ப்பேச்சில் 'எங்க ஊர்' என்பது பெரும்பாலும் குக்கிராமம். அதற்குக் கணக்கெடுப்புப் பட்டியலில் தனி வரி கிடையாது. ரேஷன் கடை எண்ணோ அட்டையில் பெயர் உள்ளவர்களின் எண். வேலைக்குப் போய்த் திருப்பூரில் குடியிருப்பவரும் அதில் இருப்பார்.

மனுவில் இரண்டு எண்களைத் தனித்தனியாகக் காட்டுங்கள். வருவாய் கிராமத்துக்கு 2011 மாவட்டக் கணக்கெடுப்புக் கையேட்டில் (கணக்கெடுப்புத் துறை மாவட்டவாரியாக வெளியிட்ட நூல்) உள்ள எண்ணை, ஆறு இலக்கக் கிராமக் குறியீட்டோடு எழுதுங்கள். புதூர், நல்லூர் போன்ற பெயர்கள் ஏராளம் என்பதால் குறியீடு இல்லாமல் பெயரை நம்பக் கூடாது. 2019 முதல் பிரிந்த மாவட்டம் என்றால் பழைய மாவட்டத்தின் கையேட்டில் தேட வேண்டும்: தென்காசிக்குத் திருநெல்வேலி, கள்ளக்குறிச்சிக்கு விழுப்புரம், மயிலாடுதுறைக்கு நாகப்பட்டினம். குக்கிராமத்துக்கு ஊராட்சியின் வீட்டுவரிப் பதிவேட்டிலிருந்து வீடுகளின் எண்ணிக்கையை எடுத்து எழுதினால் போதும்.

அதே கையேட்டின் அட்டவணையில் பேருந்து, ரயில் நிலையம் பற்றிய கட்டங்களும் உண்டு. வசதி இருந்தால் 1, இல்லையென்றால் 2. இல்லாதபோது அருகிலுள்ள இடம் 5 கி.மீ.க்குள் என்றால் ஏ, 5 முதல் 10 என்றால் பி, அதற்கு மேல் சி. மனுக்கள் தடுக்கி விழுவது இங்கேதான். வருவாய் கிராமத்தின் ஒரு மூலையைத் தொட்டுப் பேருந்து போனாலும் அந்தக் கட்டத்தில் 1 விழுந்துவிடலாம். உள்ளே 3 கி.மீ. நடக்கும் குக்கிராமம் கண்ணில் படாது. 'ஏற்கெனவே வசதி உள்ளது' என்று பதில் வராமலிருக்க, உங்கள் தெருவிலிருந்து இப்போதைய நிறுத்தம் வரை உள்ள தூரத்தை வண்டி மீட்டரில் அளந்து எழுதுங்கள்.

அடுத்தது சாலை. கிராமச் சாலையில் தார் அகலம் பெரும்பாலும் 3.75 மீட்டர், பேருந்து ஏறக்குறைய 2.5 மீட்டர். எதிரே டிராக்டர் வந்தால் ஒதுங்க மண் ஓரம் கெட்டியாக இருக்க வேண்டும். கடைசி நிறுத்தத்தில் வண்டி திரும்ப இடம், தாழ்ந்து தொங்கும் மின்கம்பி, சிறுபாலத்தின் நிலை ஆகியவற்றையும் முன்பே பார்த்துவிடுங்கள். ஆய்வுக்கு வருபவர் முதலில் கேட்பது இவற்றைத்தான். கிராம சபைத் தீர்மான நகலோடு போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கும் ஆட்சியருக்கும் கொடுங்கள். பள்ளி நேரத்தைக் குறித்துக் கேளுங்கள். 'அடிக்கடி பேருந்து வேண்டும்' என்பது யாருக்கும் உதவாத வரி.

பெரிய பேருந்து நுழையாத சாலை என்றால் மினி பேருந்தே வழி. தமிழகத்தின் 2024 மினி பேருந்துத் திட்டத்தில் வழித்தடம் 25 கி.மீ.க்குள் இருக்கலாம், அதில் குறைந்தது 65 சதவீதம் பேருந்து ஓடாத சாலையாக இருக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் குக்கிராமத்தில் 500 பேர் இல்லை. பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் இடமே இல்லையா?

பதில்: சமவெளியில் குறைந்தது 500 பேர், மலைப்பகுதியில் 250 பேர் என்பது உண்மை. அந்தத் திட்டத்தின் நான்காம் கட்டத்துக்கு 2011 கணக்கே அடிப்படை. ஆனால் 500 மீட்டர் ஆரத்துக்குள் இருக்கும் குடியிருப்புகளின் மக்கள்தொகையைச் சேர்த்துக் காட்டலாம். மலையில் அது 1.5 கி.மீ. நடைபாதைத் தூரம். பக்கத்துக் காலனியை விட்டுவிட்டு எண்ணியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

கேள்வி: புதிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எப்போது?

பதில்: தமிழ்நாட்டுக்கு 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டது.